வடக்கு பார்க்காத முள்

முள்ளு வடக்க பாக்கமாட்டேங்குது. பிரிஸில்லா கண்ணாடிய நகத்தால தட்டிப் பாத்துட்டா, ஊதிப் பாத்துட்டா, அடியில இருக்க திருகையெல்லாம் மாத்தி மாத்தித் திருகிப் பாத்துட்டா, இப்ப எம்மூஞ்சியப் பாத்து "ஏட்டி உலகு, இது செத்துப் போச்சுட்டி" ங்கா. சாகல்லாம் இல்ல, அதுக்கு என்ன கேடு, நல்லா உயிரோடதான் இருக்கு, இந்த பிசிக்ஸ் லேப்லயே இப்ப அதுக்குத்தான் அதிக உயிரு. வட்டமா சுத்துன கம்பிச் சுருள், நடுவுல திசைகாட்டிப் பெட்டி, முதல்ல முள்ள வடக்கு தெக்கா நிப்பாட்டணும், பெறகுதான் கரண்டு விட்டு எம்புட்டு திரும்புதுன்னு பாக்கணும், டேன்ஜன்ட் கால்வனாமீட்டர்னா அவ்வளவுதான், போன வாரம் ரெஜினா மிஸ் செஞ்சு காட்டும்போது ஒழுங்கா வடக்க பாத்த சாமான்தான் இது. இன்னைக்கு ஜன்னல் பக்கத்து மேசையப் பாத்துட்டு நிக்கு. எங்க மேசை முள்ளு மட்டும் இல்ல, எனக்குப் பின்னால நிக்கவளுவ முள்ளு, கதவுகிட்ட இருக்கவளுவ முள்ளு, எல்லாம் அங்கதான். ஜன்னல் பக்கத்து மேசையில வெயிலுகந்தா நிக்கா. ரீடிங் எழுத ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுக்கிட்டு, நாக்கு நுனிய உதட்டோரம் நீட்டிக்கிட்டு, ஒண்ணும் தெரியாம நிக்கா. அவ கோடு போட்டு முடிச்சு இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்கு ஒரு எட்டு நகந்தா, முள்ளும் ஒரு மயிரிழை நகருது. பயமாவும் இருக்கு, கண்ண எடுக்கவும் முடியல. வடக்குங்கது எம்புட்டுப் பெரிய சங்கதி, பூமிக்குள்ள எங்கேயோ இருந்து கப்பலையே இழுத்துட்டு வாறது, அத விட்டுட்டு ஒரு பிள்ளையப் பாத்துட்டு நிக்குன்னா சும்மாவா. "மிஸ் பாக்கதுக்குள்ள ஏதாவது செய்யிட்டி" ங்கா பிரிஸில்லா. செய்யத்தான் செஞ்சேன் தாயி, செஞ்சதாலதான் இந்தக் கூத்து.

எங்கம்மை சண்முகக்கனி திருப்புக்காரி. நானும்தான், வயசுக்கு வந்த வருசத்துல இருந்து. ஊருக்குள்ள இதுக்கு வேற பேரு உண்டு, சூனியக்காரின்னு, அது வாய்க்கு வந்ததச் சொல்லுதவங்க சொல்லுதது. நாங்க யாருக்கும் எதையும் வைக்கதும் இல்ல எடுக்கதும் இல்ல. வாறத வேற பக்கம் போகச் சொல்லுவோம், அவ்வளவுதான். அம்மை உப்பளத்துல வாருத வேலைக்குப் போறவ, ஆனா மேகம் கூடுச்சுன்னா கூட வேலை செய்யுத பொம்பளையெல்லாம் அவள ஒரு பார்வை பாப்பாங்க. வெளஞ்ச உப்பு வெட்டவெளியில கெடக்கும், ஒரு மழ விழுந்தா எல்லாம் கரைஞ்சு போயிரும். அம்மை செருப்பக் கழட்டிப் போட்டுட்டு பாத்தித் தண்ணிக்குள்ள எறங்கி நின்னு, இடது கையால கோழிய வெரட்டுத மாதிரி ரெண்டு வீசு வீசுவா. மேகம் போயிரும். அவ சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், எந்தப் பக்கம் போகணுமோ அந்த இடத்த நெனச்சுக்கிடணும், அந்த இடத்துல ஆளு இருக்கக் கூடாது. ஆளு இல்லாத கடல நெனச்சுக்கோ, அத விட்டா நமக்கு வேற வெட்டவெளி ஏதுன்னா. சின்னப் பிள்ளையில இருந்து பாத்த கடலு, கண்ண மூடுனா அலை மட்டும்தான் வரும், எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இருந்ததில்ல. மேகம் திரும்பிப் போறதப் பாத்து எனக்கு இன்னும் புல்லரிக்கும், அவ்வளவு பெருசு அது, அவ்வளவு பேச்சு கேக்கும். அம்மைக்கு அதெல்லாம் பழகிப் போச்சு. வெரட்டி முடிச்ச கையோட, மதியத்துக்கு மீன் இருக்காட்டின்னு கேப்பா.

போன ஞாயித்துக்கிழம அம்மைக்குக் காய்ச்சல். ஆடி மாசத்துல எவன் கண்டான் மழைய, காலந்தப்பி மேகம் மேற்க இருந்து கறுத்துட்டு வருது, அளத்துல அம்பாரம் அம்பாரமா உப்பு மூடாமக் கெடக்கு, நீ போயிட்டு வாட்டின்னு அம்மை போர்வைக்குள்ள இருந்தே சொல்லிட்டா. போனேன். தண்ணிக்குள்ள எறங்குனேன், காலு காந்துச்சு, கண்ண மூடுனேன், கடல நெனச்சேன். முறைப்படிதான் நெனச்சேன், ஒரு கொறையும் இல்ல. ஆனா எங்கடல்ல இப்ப ஆளு இருக்கு. அது எனக்கே தெரியல. பதினொண்ணாம் வகுப்புப் பரீட்ச முடிஞ்ச அன்னைக்கு எல்லாரும் கடற்கரைக்குப் போனோம்லா, அன்னைக்கு எறங்குன வெயிலுகந்தா என் நெனப்புக் கடல விட்டு இன்னும் வெளிய வரல. விளாத்திகுளத்துப் பக்கம் கரிசக்காட்டுல பெறந்தவ அவ, எங்க ஸ்கூல்ல படிக்கன்னு சித்தி வீட்டுக்கு வந்தவ, கடலக் கிட்டத்துல பாத்ததே கெடையாதாம். அலை வந்து கால நனச்சதும் எங்கையப் புடிச்சா. "இவ்வளவும் தண்ணியாட்டி" ன்னா. வாயத் தொறந்தவ மூடவே இல்ல, அப்படி நிக்கா, கண்ணுல தண்ணி. தெனமும் பாத்து சலிச்சுப் போன கடலு, அவ பாக்குதத நான் பாக்கவும் அப்பதான் பெருசாச்சு. "கைய விட்டுராத என்ன" ன்னா. நான் விடல. இப்பவும் விடல போல. அளத்துல நின்னு கைய வீசுனேன், மேகம் திரும்புச்சு, நல்லாத்தான் திரும்புதுன்னு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் ஸ்கூல்ல ஒரே பேச்சு, ஊர்ல எங்கயும் சொட்டுத் தண்ணி இல்ல, வெயிலு வீட்டுத் தெருவுல மட்டும் கொட்டு கொட்டுன்னு கொட்டிருக்கு, அடுத்த தெருவுல துணி காயுது. பேரு வெயிலுகந்தா, பெஞ்சது மழ. எல்லாரும் சிரிக்காளுவ. அவ மட்டும் சிரிக்கல, தலையில இன்னும் ஈரம் போகாத மாதிரி ஒரு முழி முழிச்சுட்டு உக்காந்திருந்தா.

அதோட நின்னிருந்தா சவத்த விட்டுத் தள்ளலாம். நிக்கல. அன்னைக்கு பிரேயர்ல கொடி ஏத்துனாங்க, ஆடிக்காத்து மேற்க இருந்து புழுதிய வாரி அடிக்கு, கொடி அந்தக் காத்துக்கு எதுக்க பறக்குது, அவ நிக்க வரிசையப் பாத்து. ஹெட்மிஸ் பேசிட்டே ரெண்டு தடவ அண்ணாந்து பாத்தாங்க. மத்தியானம் அவ டிபன் பாக்ஸத் தொறந்தா, மதில்மேல காக்கா வரிசையா வந்து உக்காருது, ஒண்ணாவது சோத்தப் பாக்கணும்லா, இல்ல, அவளப் பாக்கு. கத்தாம, எறங்காம, சும்மா பாத்துட்டே இருக்கு. நான் அன்னைக்கு சோறு திங்கல. எனக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம், எப்படிச் சொல்ல, நியாயந்தானன்னு இருக்கு. அவ சிரிக்கும்போது ஒரு பல்லு மட்டும் கொஞ்சம் உள்ளடங்கி இருக்கும், கணக்கு வரலன்னா காத மடக்கி மடக்கி விடுவா, எல்லாரும் பாத்திருக்கணும் இத, ஏன் இவ்வளவு நாள் பாக்கலன்னுதான் எனக்கு ஆச்சரியம். இந்தக் கொடியும் காக்காவும் இப்பதான் பாக்கு. நான் போன வருசத்துல இருந்து பாக்கேன். பாத்தத யாருகிட்டயும் சொன்னதில்ல. என்னன்னு சொல்ல. கூட்டாளின்னு சொல்லலாம், பொய் இல்ல, ஆனா கூட்டாளிக்கு எவளும் இப்படிக் கிடந்து தவிக்கமாட்டா. பிரிஸில்லாவும் கூட்டாளிதான், அவ மேல ஒரு தூறலாவது விழுந்துச்சா.

அம்மை கண்டுபுடிச்சது இன்னைக்குக் காலைல. வெளிய வெந்நி அடுப்பு எரியுது, பொகை காத்த எதுத்துட்டு நூலு புடிச்ச மாதிரி வெயிலு வீடு இருக்க டவுன் பக்கம் போகுது. அம்மை அடுப்புகிட்ட குத்தவச்சு அதையே பாத்தா. "எவன்ட்டி" ன்னா. எவனும் இல்லம்மான்னேன். அம்மை ஒரு வெறகத் தள்ளி விட்டா. "அப்ப எவ" ன்னா, கொரல ஏத்தாம எறக்காம. பேரச் சொன்னேன், மழ கொடி காக்கா எல்லாத்தையும் சொன்னேன். அடிப்பான்னு நெனச்சேன், அழுவான்னு நெனச்சேன், அவ எந்திச்சு உள்ள போயி உப்புக்கல்லு ஒண்ணு எடுத்துட்டு வந்தா, இந்த வருசம் மொதமொதல்ல வெளஞ்சது, பேப்பர்ல மடிச்சு எங்கையில வச்சா. நாக்குல வச்சு அவ பேரச் சொல்லி முழுங்கிரு, அந்த நொடியே அடங்கிரும்ன்னா. எது அடங்கும்ன்னேன். எல்லாந்தான்னா அம்மை, பொகை கொடி எல்லாம், ஒம்மனசுல உள்ளதும் சேந்து, அவ யாருன்னு தெரியும், பேசலாம் பழகலாம், ஆனா இது இருக்காது. முழுங்கலன்னா அவகிட்டயே சொல்லணும், சொல்லாததுதான் இப்படிச் சுத்திட்டுத் திரியுது, சொல்லிட்டா அதுக்குச் சோலி இல்ல. நான் கேட்டேன், நீ என்னம்மா செஞ்சன்னு. கேட்டிருக்கக் கூடாது. "நான் முழுங்கிட்டேன்" ன்னா. "யாருக்காக முழுங்குனேன்னு நெனவு இல்ல. ஆம்பளையா பொம்பளையான்னு கூட இல்ல. தெக்க ஒரு பாத்தி இருக்கு, அதுகிட்ட போனா மட்டும் காலு நின்னுரும், ஏன் நிக்குதுன்னு தெரியாது, கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவேன்." சொல்லிட்டு வெந்நிய எறக்க ஆரம்பிச்சுட்டா. எங்கம்மைய நான் அளத்துல எத்தன தடவ பாத்திருக்கேன், சும்மா நிக்கான்னு நெனச்சிருக்கேன், இடுப்பு வலின்னு நெனச்சிருக்கேன். பஸ்ல வரும்போது பூரா அழுக வந்துச்சு. கல்லு இந்த ஓவர்கோட்டு பாக்கெட்லதான் இருக்கு. பிரிஸில்லா மோப்பம் புடிச்சுட்டா, "உப்பாட்டி, குடுட்டி, நெல்லிக்கா வச்சிருக்கேன்" ன்னு லேப்புக்குள்ள வரும்போதே புடுங்க வந்தா. இது திங்குத உப்பு இல்லன்னேன். திங்காத உப்பு எந்தக் கடையில விக்கு மூதின்னுட்டு ஒரு மாதிரி பாத்துட்டுப் போனா.

ரெஜினா மிஸ் வந்துட்டாங்க. மேசை மேசையா குனிஞ்சு பாக்காங்க, புருவம் ஏறிட்டே போகுது. "எவளாவது காந்தம் வச்சிருந்தா மரியாதையா எடுத்து வச்சிருங்க" ங்காங்க. யாரும் எடுக்கல. போன் கொண்டாந்தீங்களாங்காங்க. இல்ல மிஸ். ஜன்னல் கம்பி இரும்புல்லா, அதுவா இருக்கும்னு மேசைய நகத்தச் சொல்லுதாங்க, வெயிலும் கூட நிக்கவளும் தூக்கிட்டு நடுவுல வந்து வைக்காளுவ, முள்ளெல்லாம் கூடவே வருது. மிஸ் வெயிலக் கூப்பிட்டு அந்தப் பக்கம் நடன்னாங்க. நடந்தா. இந்தப் பக்கம் நட. நடந்தா. எல்லா முள்ளும் அவ கூட நடக்குது, பெறகு அவ கூட நிக்குது. பெட்டிப் பெட்டியா கண்ணாடிக்குள்ள, கோயில்ல சாமி வரும்போது சனம் திரும்புத மாதிரி. எனக்குக் கண்ணு நெறஞ்சுட்டு. இவ்வளவு பெரிய காரியமா எனக்குள்ள இருந்துச்சு, கணக்குல பார்டர்ல பாஸாகுத எனக்குள்ள. ஆனா அவ மூஞ்சியப் பாத்தேன், அது வெளுத்துப் போயிருக்கு. மிஸ் அவ பையக் கொட்டச் சொன்னாங்க. புஸ்தகம், பேனா, சீப்பு, பாதிக் கடலமிட்டாயி. வளையலக் கழட்டுன்னாங்க, கழட்டுனா. ஹேர்பின்ன எடுன்னாங்க. ஒவ்வொண்ணா எடுக்கா, ஒண்ணு ரெண்டு தரையில விழுது, மடிச்சுக் கட்டுன ரெட்டச்சடையில ஒண்ணு அவுந்து தொங்குது. முள்ளு அசையல. பின்னால ஒருத்தி, "இவ ஊர்ப் பக்கம் செய்வினை எல்லாம் ரொம்பவாம்ட்டி" ங்கா. இன்னொருத்தி, "ஞாயித்துக்கிழம மழையும் அப்படித்தான்" ங்கா. ஒருத்தி மெதுவா மேசைய விட்டுத் தள்ளி நிக்கா. நான் செஞ்சது, பேரு அவளுக்கு. இப்ப முழுங்குனா முள்ளு வடக்க போயிரும், ஒரு நொடியில போயிரும், அவள விட்டுருவாங்க, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பெறகு நான் அவளப் பாப்பேன், வகுப்புல படிக்க ஒருத்தின்னு பாப்பேன். கடற்கரைக்குப் போனா ஒரு இடத்துல காலு நிக்கும்.

கைகழுவுத தொட்டிகிட்டதான் எங்க மேசை. பேப்பரப் பிரிச்சேன். கல்லு நல்ல வெள்ள, ஓரத்துல கொஞ்சம் செம்மண்ணு. நாக்குகிட்ட கொண்டு போனேன், பொய் சொல்லல, கொண்டு போயிட்டேன், அவ பேரோட மொத எழுத்துக்கு உதடும் குவிஞ்சுட்டு. அப்படியே தொட்டிக்குள்ள போட்டுட்டு கொழாயத் தொறந்தேன். தண்ணி நேரா விழாம அவ இருக்க பக்கம் சாஞ்சு விழுது, போற வழியில அதுவும் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போகுது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு, அந்தப் பயத்துலயும். பெறகு நடந்தேன். மிஸ் எங்க போறங்காங்க, ஹேர்பின்ன எடுத்துக் குடுக்கேன் மிஸ்ன்னேன். வெயிலு குனிஞ்சு மேசைக்கடியில பொறுக்கிட்டு இருக்கா, நானும் குனிஞ்சேன். பக்கத்துல பாத்தா அவ கண்ணுமையி கலைஞ்சு கெடக்கு. "வெயிலு, இது எல்லாம் நான்தான்" ன்னேன். "மழையும் நான்தான். எனக்கு எப்பவும் ஒன் நெனப்புத்தான். கூட்டாளியா மட்டும் இல்ல. எனக்கு ஒன்னப் புடிச்சிருக்கு, ஒருத்தர ஒருத்தர் புடிக்கும்லா, அப்படி." இதச் சொல்ல ஒரு வருசம் ஆயிருக்கு, சொன்னா ஒரு மூச்சுகூட ஆகல. அவ பின்னக் கையில வச்சுக்கிட்டு என்னையப் பாக்கா. மேல இருந்து பிரிஸில்லா கொரலு கேக்கு, "மிஸ், வடக்க போகுது மிஸ்." எல்லா மேசையிலயும் சலசலப்பு. "வந்துட்டு, எங்களுக்கும் வந்துட்டு" ங்காளுவ. அடங்கிட்டு. அம்மை சொன்னது சரிதான், சொல்லிட்டா அதுக்குச் சோலி இல்ல. ஆனா அவ இன்னும் ஒண்ணும் சொல்லல, சொல்லித் தொலச்சுட்டேன், இனி இவ என்கூட பேசுவாளா, பஸ்ல பக்கத்துல உக்காருவாளா. அப்ப பிரிஸில்லா மறுபடி, மெதுவா, "மிஸ், வடக்க நிக்கல மிஸ். போயிட்டே இருக்கு" ங்கா.

எந்திச்சேன். பக்கத்து மேசைப் பெட்டியில முள்ளு என்னையப் பாக்கு. அடுத்ததும் என்னையப் பாக்கு. பின்னால ஒரு எட்டு வச்சேன், கூடவே வருது, எல்லாம் வருது. மேல சுத்துத ஃபேன் காத்து மொத்தமும் எம்மூஞ்சியில வந்து அடிக்கு, ரெக்கார்டு நோட்டுத் தாளெல்லாம் எம்பக்கமா படபடக்குது. ஜன்னல்ல ஒரு காக்கா வந்து உக்காந்து தலையச் சாய்க்கு. நான் ஒண்ணும் செய்யல, சத்தியமா செய்யல, எங்களால எதையும் எங்க பக்கமே திருப்பிக்கிட முடியாது, அந்தக் கை எங்களுக்குக் கெடையாது. வேற எவளோ ஒருத்தி திருப்புனாத்தான் உண்டு. என்னுது அடங்குன பெறகுதான் அது தெரியுது, இவ்வளவு நாள் என்னுது பலமா இழுத்ததுல இந்த இழுப்பு வெளிய தெரியல. என்னைய ஒண்ணும் இது வரைக்கும் திரும்பிப் பாத்ததில்ல, பஸ் கண்டக்டர்கூட ரெண்டு தடவ கூப்பிட்டாத்தான் பாப்பாரு, இப்ப வடக்க விட்டுட்டு வந்து நிக்கு. வெயிலு எந்திச்சு எம்பக்கத்துல நிக்கா, அவுந்த சடையக் கையில புடிச்சுக்கிட்டு, தரையப் பாத்துட்டு, எனக்கு மட்டும் கேக்க பேசுதா. "எங்கம்மைக்கும் எனக்கும் இந்தக் கை உண்டுட்டி. கம்புக் கதுர்ல எறங்குத கிளியத் திருப்புவா. மழ நனைக்கும்போதே தெரிஞ்சிட்டு, எவளோ தப்பாத் திருப்புன மழன்னு. நீயா இருக்கணும்னு மாடியில நின்னு பூராவும் நனஞ்சேன்." மிஸ் கையில ஒரு திசைகாட்டிய வச்சுக்கிட்டு அதையும் என்னையும் மாறி மாறிப் பாக்காங்க. "அப்ப சொல்லேம்ட்டி, நானும் சொல்லிட்டேன்லா" ங்கேன். வெயிலு இப்பதான் நிமிந்து பாக்கா, அந்த உள்ளடங்குன பல்லு தெரியுது. "சொல்லமாட்டேன்" ங்கா. "சொன்னா எல்லாம் வடக்க போயிரும். ஞாயித்துக்கிழமையில இருந்து என்னைய மட்டும் நிக்க வச்சு எல்லாத்தையும் பாக்க விட்டேல்லா. எப்படி இருந்துச்சு தெரியுமா. பெல் அடிக்குத வரைக்கும் நீயும் கொஞ்சம் நில்லு." சரின்னு நிக்கேன்.